சப்பரத்துக்கு முன்னால் நகோமி

"போன வாரம் பேசி முடிச்சதை இன்னைக்கு மாத்துனா என்ன அர்த்தம்? எம் மக ஒரு வாரமா மிளகுப்பால் குடிச்சுத் தொண்டையக் காப்பாத்திக்கிட்டுத் திரியிறா. ரூத்துன்னு சொல்லிட்டு இப்ப ஓர்பாங்கிறீக!"

"கத்தாத சூசையம்மா. மாதா கெபி பக்கத்துல நின்னுக்கிட்டு."

"நான் எங்க கத்துறேன்? எங்குரலே இம்புட்டுத்தான்."

அது பொய்யில்லை. சூசையம்மாள் தன் வீட்டு அடுப்படியில் நின்று மகளை வைதால், அனுமந்தன்பட்டி ரோட்டில் கம்பம் பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். அன்றைக்குக் கோயிலுக்குப் பின்னால் ஞாயிறு வகுப்பு நடக்கிற தகரக் கொட்டகையில் அவள் ஒரு பக்கமும் சவரியம்மாள் ஒரு பக்கமும் நிற்க, மாதா சபைப் பெண்கள் நடுவில் உட்கார்ந்து பொரிகடலை தின்றுகொண்டிருந்தார்கள். ஒத்திகை பார்க்க வந்தவர்களுக்கு அதைவிட நல்ல நாடகம் கிடைத்துவிட்டது. யாரும் விலக்கிவிடவில்லை.

"ஓர்பாவுக்கு என்ன கொறச்சல்?" என்றாள் சவரியம்மாள்.

"என்ன கொறச்சலா? நாலு வரியப் பாடிட்டு, மாமியாளுக்கு முத்தத்தக் குடுத்துட்டு, நடுரோட்டுல விட்டுட்டுப் போறவ. நாளைக்கு எம் மகளைப் பொண்ணு கேட்டு வாரவன்கிட்ட, மாமியாள விட்டுட்டுப் போனவ இவதான்னு இந்த ஊரு சொல்லாதா?"

சொல்லும். யூதாசு வேஷம் கட்டிய மனிதர் ஒருவர் இருக்கிறார். பேரன் பேத்தி எடுத்தாயிற்று. இன்றைக்கும் ரேஷன் கடை வரிசையில் "யூதாசு, முன்னால தள்ளி நில்லுங்க" என்றுதான் கூப்பிடுகிறார்கள். அவரும் நகர்ந்து நிற்கிறார்.

"நகோமி நானு," என்றாள் சவரியம்மாள். குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. இரண்டு வருசமாக அவள் குரல் அப்படித்தான். "நகோமிக்கு மருமக ரூத்து. எம் மருமக வீட்டுல இருக்கையில நான் ஏன் உம் மகளைக் கட்டிப்பிடிச்சு அழணும்?"

"அவ குச்சனூர்க்காரி. சனிக்கெழம ஆனா எள்ளுத்தீபம் போடப் போறவ. ஞானஸ்நானம் வாங்காத பிள்ளை மாதா முன்னால நின்னு 'உன் சாமி என் சாமி'ன்னு பாடுறதா?"

"ரூத்து மட்டும் வாங்குனவளா? அவளும் வேத்துச் சாமி கும்பிட்ட வீட்டுல பொறந்தவதான். வேதத்துல இருக்கா இல்லையா, நீயே சொல்லு."

பொரிகடலை மெல்லும் சத்தம் நின்றது. வேதத்தில் அப்படித்தான் இருந்தது. பஞ்சம் பிழைக்க மோவாபு தேசத்துக்குப் போன நகோமி, அங்கே புருசனையும் பிள்ளைகளையும் மண்ணுக்குக் கொடுத்தாள். ஊர் திரும்பும்போது, கூட வந்த மருமக்கள் இரண்டு பேரையும் பிறந்த வீட்டுக்குப் போகச் சொன்னாள். ஒருத்தி போனாள். ஒருத்தி போகமாட்டேன் என்று ஒட்டிக்கொண்டாள். ஒட்டிக்கொண்டவள் ரூத்து. இதே தெருவில் புருசனைப் பறிகொடுத்த வேற்றூர்க்காரி ஒருத்தி மாமியாரோடு ஒரே வீட்டில் இருக்கும்போது ரூத்தை வேறு எங்கே போய்த் தேடுவது? சூசையம்மாளின் மகளுக்குப் பெயர் சிம்ரன். ஞானஸ்நானப் பெயர் ஒன்றும் இருக்கிறது. அது கோயிலுக்கு வெளியே யாருக்கும் தெரியாது. ரூத்து வேஷத்துக்கு அவள் புருவம் வேறு திருத்தியிருந்தாள்.

எல்லோரும் மூலையில் உட்கார்ந்திருந்த தேவயானியைப் பார்த்தார்கள். திராட்சைத் தோட்டத்திலிருந்து நேராக வந்திருந்தாள். விரல் நுனியெல்லாம் கறை.

"என்னத்தா, நீ பாடுவியா?" என்று ஒருத்தி கேட்டாள்.

தேவயானி மாமியார் முகத்தைப் பார்த்தாள். அதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

"சரித்தே," என்றாள்.

சவரியம்மாளுக்கு நாடகத்தின் மேல் எப்போதும் பெரிய ஆசை இருந்ததில்லை. ஊர் நினைத்தது மாதிரி மருமகளைப் பெருமைப்படுத்தவும் இல்லை. காரணம் அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை ஒரு பை நிறைய முருங்கைக்காயோடு வீட்டுக்கு வந்திருந்தது.

தேவயானியின் அண்ணன் ஈஸ்வரபாண்டி குச்சனூரிலிருந்து வந்தான். செருப்பை வாசலில் விட்டுவிட்டு, செத்துப்போன தங்கச்சி புருசன் விஜய்ராஜின் படத்துக்கு முன்னால் கொஞ்சம் நின்றுவிட்டு, பிளாஸ்டிக் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தான். நுனியில் உட்காருகிறவன் என்ன பேச வந்திருக்கிறான் என்று தெரியாதவளா சவரியம்மாள்?

"அத்தே, தப்பா நெனச்சுக்கிராதீக."

"சொல்லுங்க."

"கெங்குவார்பட்டிக்காரரு. முத்துராஜான்னு பேரு. கதிர் அறுக்குற மெஷின் வச்சு ஓட்டுறாரு. மொத சம்சாரம் காமாலையில போயிருச்சு. பிள்ளைகுட்டி இல்ல. தேவயானி விசயமெல்லாம் தெரியும். நம்ம பக்கம் அறுப்புக்கு மெஷின் வாரப்ப ஒரு எட்டு வந்து பாத்துக்கிடுறேன்னாரு."

தேவயானி அடுப்படியில் இருந்தாள். அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றுபோயிருந்தது.

"அவளுக்குச் சம்மதமா?" என்றாள் சவரியம்மாள்.

"அது ஒண்ணும் சொல்லமாட்டேங்குது. அத்தைய விட்டுட்டு எப்பிடின்னு ஒரு வார்த்தை சொல்லுச்சு. அதான் ஒங்ககிட்டயே கேட்டுருவோம்னு."

"சாப்புட்டுப் போங்க. கொழம்பு ஆறிரும்."

அவ்வளவுதான் அவள் பதில். ஈஸ்வரபாண்டியும் சாப்பிட்டுவிட்டுப் போனான். கருவாட்டுக் குழம்பு நன்றாக இருந்ததாகப் பஸ் ஸ்டாப்பில் யாரிடமோ சொல்லியிருக்கிறான்.

விஜய்ராஜ் திராட்சைப் பெட்டி ஏற்றிய குட்டியானை வண்டியோடு கம்பம்மெட்டு ரோட்டுக் கொண்டை ஊசி வளைவில் உருண்டபோது, சவரியம்மாள் அழவில்லை. பிணத்தை வீட்டில் கிடத்தியிருந்தபோதும் அழவில்லை. ஊர்ப் பெண்கள் கட்டிப்பிடித்து உலுக்கினார்கள். உலுக்கினால் உலுங்கினாள், அவ்வளவுதான். அடக்கம் முடிந்து வந்து, தண்ணீர்த் தொட்டியில் பாசி பிடித்திருக்கிறது என்று சொல்லி அதைத் தேய்த்துக் கழுவினாள். 'கல்நெஞ்சுக்காரி' என்று சிலரும், 'புத்தி பேதலிச்சுருச்சு' என்று சிலரும் சொன்னார்கள். இரண்டுமில்லை. காது அடைத்துக்கொண்டால் சத்தமெல்லாம் தூரத்தில் கேட்குமே, அதுபோல அவளுக்கு எல்லாமே தூரத்தில் நடந்துகொண்டிருந்தது. பக்கத்தில் கேட்டது ஒன்றுதான்: விடியற்காலையில் தேவயானி வாசல் கூட்டும் சத்தம். அதைக் கேட்டால் எழுந்திரிப்பாள். கேட்காவிட்டால் எழுந்திருப்பாளா என்று அவளுக்கே சந்தேகம்.

அந்தச் சத்தத்தைத்தான் ஒருவன் மெஷினோடு வந்து கெங்குவார்பட்டிக்குக் கொண்டுபோகப் போகிறான்.

இருக்கச் சொல்லி வாய்விட்டுக் கேட்கலாம். கேட்டால் ஊர் சிரிக்கும்; இந்த வயசுப் பிள்ளையைக் கட்டி வைக்கிறாளே என்று. அதனால்தான் நாடகம். ஏனென்றால் இந்த ஊரில் நாடகம் வெறும் நாடகமில்லை. மாதா பிறந்தநாள் திருவிழாவில் சப்பரம் தெருவெல்லாம் சுற்றிவந்து கோயில் முன்னால் நிற்கும். அதற்கு எதிரே மேடை. வேஷம் கட்டுகிறவர்கள் ஆளுக்கொரு மெழுகுவர்த்தியைச் சப்பரத்தின் அடியில் ஏற்றி வைத்துவிட்டுத்தான் மேடை ஏறுவார்கள். மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டால், மங்களம் பாடும்வரை சொல்வதெல்லாம் மாதா காதில் விழுந்த சொல். எத்தனையோ ஃபாதர்மார் வந்து, அப்படியெல்லாம் திருச்சபையில் கிடையாது என்று பிரசங்கம் வைத்துப் பார்த்துவிட்டார்கள். ஊர் கேட்டுக்கொண்டது. கேட்டுக்கொண்டு, தன்பாட்டுக்கு இருந்தது.

மாதா சபை மூக்கம்மாளின் புருசன் கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஊதாரி மகன் நாடகத்தில் அப்பன் வேஷம் கட்டினார். உருக்கமாக நடிக்கிறேன் பேர்வழி என்று, எழுதிக்கொடுத்ததையும் மீறி, "இளையவனே, என் கிணறும் உனக்குத்தாண்டா" என்று பாடிவிட்டார். அவருடைய இளைய மகன் மறுநாள் காலையில் மோட்டார் ரூம் சாவியைக் கேட்டு வந்து நின்றான். கொடுக்காமல் இருக்க முடியவில்லை. மூக்கம்மாள் இன்றைக்கும் அந்தக் கிணற்றைக் கடக்கும்போது புருசனை ஒரு வார்த்தை வைதுவிட்டுத்தான் போவாள்.

ஆக, தேவயானி ஒரு தடவை சப்பரத்துக்கு முன்னால் 'நீ போற பாதையில நானும்' என்று பாடிவிட்டால் போதும். முத்துராஜா மெஷினை வேறு வயலுக்கு ஓட்டிக்கொண்டு போகவேண்டியதுதான். சவரியம்மாள் யாரிடமும் எதையும் கேட்கவேண்டியதில்லை.

பாட்டு எழுதியது மைக்செட் சுருளியாண்டி. திருநீறு பூசின மனுசன். கிடா வெட்டுக்கும் காதுகுத்துக்கும் குழாய் கட்டுகிறவர், ஆர்மோனியம் வாசிப்பார், எந்தக் கதையைச் சொன்னாலும் மெட்டில் போட்டுத் தருவார். வேதப் புத்தகத்தை அவர் திறந்ததில்லை. பெண்கள் கதையைச் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டு, நகோமிக்கு மட்டும் ஒப்பாரி மெட்டில் நீளமாக எழுதிவிட்டார்.

"மாமியா பாட்டு இம்புட்டு எதுக்குண்ணே?" என்றாள் சூசையம்மாள்.

"மூணு சாவு விழுந்த வீடும்மா. ரெண்டு வரியில முடிக்கச் சொல்றியா?"

சிக்கல் அங்கே வரவில்லை, 'போ'வில் வந்தது. அவர் எழுதியது:

*போ மகளே போ – உன்*
*பொறந்தவீடு பாத்துப் போ*

"ஆத்தாடி!" என்றாள் மூக்கம்மாள். "வீட்டுப் பொம்பளையப் பாத்து 'போ'ன்னு மொட்டையாவா சொல்றது? போயிட்டு வான்னு எழுதுங்கண்ணே."

"மெட்டுல ஒக்காராது."

"ஒக்கார வையுங்க."

"'போயிட்டு வா மகளே'ன்னு பாடுனா, அவ சந்தைக்குப் போறா மாதிரி இருக்கும். நகோமி திரும்பி வாரதுக்கா அனுப்புறா? ஒரேயடியா அனுப்புறா. அதான் போ."

விவகாரம் சவரியம்மாளிடம் வந்தது. பாடப்போகிறவள் அவள்தானே. அவள் மருமகளின் பாட்டு சரியாக இருக்கிறதா என்று மட்டும் கேட்டுவைத்திருந்தாள். தன் பாட்டைப் பற்றி அவளுக்கு என்ன?

"எழுதுனபடி இருக்கட்டும்," என்றாள். "போன்னா போ. அதுல என்ன கெடக்கு."

ஆவணிக் காற்று மேற்கே மலையிலிருந்து இறங்கி, திராட்சைப் பந்தலுக்கு மேலே சரசரவென்று ஓடிக்கொண்டிருந்தது. இடையிடையே சாரல். சாரல் விழுந்தால் பழம் வெடிக்கும். வெடித்த பழம் ஒன்று இருந்தால் பெட்டி முழுக்கக் கெடும். அதனால் தோட்டக்காரர்கள் அவசரப்படுத்தினார்கள். பந்தல் தாழ்வு. நிமிர்ந்து நடக்க முடியாது. இடுப்பை வளைத்துக்கொண்டு, கழுத்தை மட்டும் மேலே திருப்பி, கத்தரியால் கொத்தை நறுக்கி, வெடித்ததையும் வெம்பினதையும் ஒவ்வொன்றாகக் கிள்ளி எறிந்துவிட்டு, பேப்பர் விரித்த பெட்டியில் காம்பு மேலே பார்க்க அடுக்கவேண்டும். மத்தியானத்துக்குள் பெட்டிகள் ரோட்டுக்குப் போயாகவேண்டும். கேரளா லாரிக்காரச் சேட்டன் ஹாரன் அடித்தே ஆளைக் கொல்வான்.

மாமியாரும் மருமகளும் ஒரே வரிசையில்தான் நறுக்கினார்கள். தேவயானி நறுக்கிக்கொண்டே பாடம் பண்ணினாள்.

*நீ போற பாதையில – அத்தே*
*நெழலாட்டம் கூட வாரேன்*
*நீ சாயும் கூரைக்குள்ள – அத்தே*
*நானும் தலை சாய்ச்சுக்குவேன்*

"அடுத்தது?" என்றாள் சவரியம்மாள், கொத்தைத் திருப்பிப் பார்த்தபடி.

*ஒன் சனம் என் சனமே – அத்தே*
*ஒன் சாமி என் சாமி*
*ஒன்னப் பொதைக்கும் மண்ணில் – அத்தே*
*ஒரு குழி எனக்கும் உண்டு*

பக்கத்து வரிசையில் நறுக்கிக்கொண்டிருந்த பெண்கள் உச்சுக் கொட்டினார்கள். "கேக்கவே மேலு சிலுக்குதுடி" என்றாள் ஒருத்தி. "கொடுத்து வச்சவ சவரியம்மா" என்றாள் இன்னொருத்தி. மகனைக் கொடுத்தவளைப் பார்த்து இதைச் சொல்கிறோமே என்று அவளுக்குத் தோன்றவில்லை.

சோற்றுக்கு உட்கார்ந்தபோது, தேவயானி தூக்குவாளியைத் திறந்து, கம்மங்கூழில் மோரை ஊற்றிக் கரைத்துக்கொண்டே கேட்டாள்.

"அத்தே, மாதா முன்னால நாடகத்துல சொன்னா, நெசமாவே கட்டுப்பட்டதா?"

"இந்த ஊருல அப்பிடித்தான்."

"ஆயுசுக்குமா?"

"ஆயுசுக்கும்தான்."

தேவயானி கரைத்ததை மாமியாருக்கு முதலில் ஊற்றினாள். மிளகாய் வற்றலை இரண்டாகக் கிள்ளி, பெரிய பாதியை அவள் பக்கம் வைத்தாள்.

"அப்பச் சரி," என்றாள்.

மறுத்திருந்தால் சண்டை போட்டிருக்கலாம். அழுதிருந்தால் 'என்னடி அழுகை' என்று அதட்டியிருக்கலாம். 'அப்பச் சரி'யை என்ன செய்வது? தெரிந்துதான் சொல்கிறாள். தெரிந்துதான் பாடப்போகிறாள். சவரியம்மாள் கூழைக் குடித்தாள். உப்பு இருந்ததா இல்லையா என்று அவளுக்குத் தெரியவில்லை.

திருவிழா அன்று சாயங்காலம் நல்லவேளையாகச் சாரல் இல்லை. சப்பரம் மின்சார மாலைகளோடு வந்து கோயில் முன்னால் நின்றது. பலூன்காரனும் சோளக்கதிர் வண்டியும் வந்திருந்தன. ஃபாதர் முன்வரிசையில் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்து, எத்தனை மணிக்கு முடியும் என்ற முகத்தோடு இருந்தார். ஈஸ்வரபாண்டியும் வந்திருந்தான். குழாய் ஸ்பீக்கர் கட்டிய கம்பத்தின் அடியில், பஸ்ஸுக்கு நிற்கிறவன் மாதிரி கையைக் கட்டிக்கொண்டு நின்றான். அவனுக்கும் விசயம் காதில் விழுந்திருந்தது. தங்கச்சியைக் கூப்பிட்டு ஒன்றும் சொல்லவில்லை. சொல்லவேண்டிய இடத்தில் சொல்லியாயிற்று. கருவாட்டுக் குழம்பு கிடைத்தது.

மெழுகுவர்த்தி ஏற்றினார்கள். சவரியம்மாளுடையது காற்றில் அணைந்தது. தேவயானி தன்னுடையதைச் சாய்த்து அதைப் பற்றவைத்தாள்.

நாடகம் ஆரம்பித்தது. சவரியம்மாள் வெள்ளைச் சேலையில் வந்து நின்றதும் கூட்டம் அடங்கியது. அவளுக்கு வேஷம் என்று தனியாக ஒன்றும் போட வேண்டியிருக்கவில்லை. சுருளியாண்டி ஆர்மோனியத்தை இழுத்தார்.

*பஞ்சம் பொழைக்க வந்தேன் – மோவாபுப்*
*பட்டணம் தேடி வந்தேன்*
*நெஞ்சுல வச்ச மூணும் – இங்கன*
*நெலத்துல வச்சுப்புட்டேன்*

முதல் 'போ மகளே போ'வை ரேஷன் கடையில் பெயர் வாசிப்பது மாதிரிப் பாடினாள். மருமக்கள் இரண்டு பேரும் மாட்டேன் மாட்டேன் என்று அழுதார்கள். இரண்டாவது தடவை பாடியதும் ஓர்பா புறப்படவேண்டும். சிம்ரன் லேசில் புறப்படவில்லை. நாலு வரியை எட்டாக்கி, மாமியாருக்கு இந்தக் கன்னத்திலும் அந்தக் கன்னத்திலும் முத்தம் கொடுத்து, மூட்டையை எடுத்துவிட்டு மறுபடியும் கீழே வைத்து, இரண்டு தடவை திரும்பி வந்து அழுதாள். "ஏ ஓர்பா, கடைசிப் பஸ் போயிரும்!" என்று கூட்டத்திலிருந்து எவனோ கத்தினான். சிரிப்பு அடங்க நேரமாயிற்று.

பிறகு மேடையில் இரண்டு பேர்தான்.

தேவயானி மாமியாரின் காலடியில் உட்கார்ந்து சேலை முந்தியைப் பிடித்துக்கொண்டாள். அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருந்தது. சவரியம்மாள் குனிந்து பார்த்துப் பாடவேண்டும்.

*வத்துன வயித்தில் இனி – ஒரு*
*வாரிசு வருமோடி*
*ஒத்தையில் காத்திருந்து – நீயும்*
*ஒலந்துதான் போவியோடி*

குனிந்து பார்த்தாள். சேலை ஓரத்துக்கு வெளியே மருமகளின் கால் விரல்கள் தெரிந்தன. மெட்டியைக் கழற்றிய அன்றைக்கு அந்த விரலில் வெள்ளையாக ஒரு வளையம் இருந்தது. பல நாள் அதைப் பார்த்திருக்கிறாள். பாத்திரம் விளக்கும்போது, கால் நீட்டிப் படுத்திருக்கும்போது. அது இருக்கிறவரை விஜய்ராஜ் முழுசாகப் போய்விடவில்லை என்று அவளுக்கு ஒரு கணக்கு. எப்போது பார்க்காமல் விட்டாளோ தெரியவில்லை. இப்போது வளையம் இல்லை. தோட்டத்து வெயிலில் கறுத்து, மற்ற விரல்களைப் போல அதுவும் ஒரு விரலாக இருந்தது.

*போ மகளே போ – உன்*
*பொழுது சாயுமுன்னே போ*

பாடிய பிறகுதான் காதில் விழுந்தது. அவள் குரல் நாலு பக்கக் குழாயிலும் போய், உத்தமபாளையம் ரோட்டு வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்தது. போ. மொட்டையாக. சப்பரத்துக்கு முன்னால். இதுவரைக்கும் எத்தனை தடவை சொல்லிவிட்டாள்? மெழுகுவர்த்தி ஏற்றியது தேவயானி மட்டும்தானா? மருமகள் சொல்லப்போவதையே எண்ணிக்கொண்டிருந்தவள், தான் சொல்லப்போவது என்னவென்று ஒரு நாளும் எண்ணிப்பார்க்கவில்லை. அவளையும் மாதா கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

ஆர்மோனியம் மெட்டை மாற்றியது. ரூத்தின் பாட்டு. தேவயானி நிமிர்ந்து, மூச்சை இழுத்து, வாயைத் திறந்தாள்.

"நீ போற—"

சவரியம்மாள் குனிந்து அவள் வாயைக் கையால் பொத்தினாள்.

"சொல்லாத," என்றாள்.

மைக் அவள் கழுத்துக்கு நேரே இருந்தது. ஊர் முழுக்கக் கேட்டது. சோளக்கதிர் வண்டிக்காரன் விசிறுவதை நிறுத்தினான். சுருளியாண்டி துருத்தியை இழுத்த கையோடு அப்படியே நிற்க, ஆர்மோனியம் ஒரே சுரத்தில் கத்திக்கொண்டிருந்தது.

"அத்தே," என்றது கைக்குள்ளே ஒரு குரல்.

"சொன்னா சொன்னதுதான். சொல்லாத. எந்திரிச்சுப் போ."

தேவயானி எழுந்தாள். மாமியாரைப் பார்த்தாள், அண்ணனைப் பார்த்தாள், எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் கொஞ்சம் நின்றாள். பிறகு ஓர்பா போன வழியிலேயே போனாள். சவரியம்மாளின் உள்ளங்கை ஈரமாக இருந்தது. சேலையில் துடைத்துக்கொண்டாள்.

இப்போது மேடையில் நகோமி மட்டும். இனிமேல் சொந்த ஊர் பெத்லகேமுக்குத் துணையாகப் போக யாரும் இல்லை. கதிர் பொறுக்க ஆள் இல்லை. ரூத்தைப் பிறகு கட்டிக்கொள்ளும் வயல்காரன் போவாசு வேஷம் கட்டியவள் மீசையோடு திரைக்குப் பின்னால் நின்று விழித்தாள். சூசையம்மாள் ஒரு நிமிசமும் யோசிக்கவில்லை.

"போடி! ஒனக்குத்தான் ரெண்டு பாட்டும் தெரியும்ல. போய்ப் பாடு!" என்று மகளை முதுகில் கைவைத்து மேடைக்குத் தள்ளினாள்.

சிம்ரன் ஓர்பாவின் மூட்டையோடு ஓடிவந்து, மூட்டையை வீசிவிட்டு, சவரியம்மாளின் காலைக் கட்டிக்கொண்டு, 'நீ போற பாதையில' என்று ஆரம்பித்தாள். மிளகுப்பால் வீண்போகவில்லை. கடைசிக் குழி வரைக்கும் ஒரு சொல் விடாமல் பாடினாள். சனம் கை தட்டியது. போன மருமகளே மனசு மாறித் திரும்பி வந்தாள் என்பதுதான் வேதத்தில் உள்ள கதை என்று இன்றைக்கும் நம்புகிற ஆட்கள் ஊரில் இருக்கிறார்கள். ஃபாதர் கர்ச்சீப்பால் வாயை மூடிக்கொண்டார். சிரித்தாரா என்று யாரும் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்தபோது தேவயானி வேஷச் சேலையை மடித்துக்கொண்டிருந்தாள்.

"ஏன் அத்தே?"

"நான் மொதல்ல சொல்லிட்டேன்ல. அதுக்குப் பெறகு நீ ஒண்ணு சொன்னா, யார் சொல்லு நிக்கும்? ஊரு பஞ்சாயத்துப் பேசியே செத்துப்போகும்."

"நீங்க நாடகத்துக்குத்தான சொன்னீக."

"நீ நாடகத்துக்கா பாட இருந்த?"

தேவயானி மடித்த சேலையை மறுபடியும் பிரித்து மடித்தாள்.

"சோறு வடிக்கவா?" என்றாள்.

"வடி," என்றாள் சவரியம்மாள்.

புரட்டாசி பிறந்ததும் மெஷின் வந்தது. ரூத்து கதிர் பொறுக்கிப் பிழைத்தாள் என்பார்கள். முத்துராஜா மெஷின் ஓட்டிப் போன வயலில் கோழி கொத்தக்கூட ஒரு மணி கிடக்காது. கழுத்தில் துண்டும் காதில் வைக்கோல் தூசியுமாக வந்து, வீட்டுக்குள் நுழைய யோசித்து, வாசலிலேயே கை கால் கழுவினான். 'சொல்லாத' காட்சியை யாரோ போனில் எடுத்து அனுப்பி, அவன் ஏற்கெனவே பார்த்திருந்தான். அதனால் சவரியம்மாளைக் கண்டதும் கும்பிட்டான். "காப்பியக் குடிங்க, ஆறிரும்" என்றாள் அவள்.

ஐப்பசியில் குச்சனூரில் கல்யாணம். சவரியம்மாள் போகவில்லை, தோட்டத்தில் திராட்சை வெட்டு நாள் என்றாள். தேவயானி புறப்பட்ட காலையில் அவள் பந்தலுக்கு அடியில் குனிந்து நின்றிருந்தாள். வந்து ஒரு வார்த்தை சொல்லி அனுப்பக் கூடாதா என்று கேட்டதற்கு, "எத்தனை தடவை சொல்றது?" என்றாளாம். மறுநாளிலிருந்து வாசலை அவளே கூட்டினாள். எழுந்திருப்பாளா என்று பயந்தவர்களுக்கு அது போதும்.

சூசையம்மாளின் கதைதான் பெருங்கதை. சப்பரத்துக்கு முன்னால் பாடிய சொல் இனி சிம்ரனைத்தான் சவரியம்மாளோடு கட்டிப்போடும் என்று, மகளைத் தள்ளிவிட்ட வேகத்தில் அவளுக்குத் தோன்றவில்லை. தோன்றியதும் ஃபாதரிடம் ஓடினாள். "நாடகந்தானம்மா" என்றார் அவர். அவருக்கென்ன, மாற்றலாகிப் போகிறவர். ஒரு வருசம் ஞாயிறு தவறாமல் சிம்ரன் கையில் கறிக்குழம்பு சவரியம்மாள் வீட்டுக்குப் போனது. கொடுத்தாலாவது கணக்குத் தீருமா என்று. சிம்ரன் திருப்பூரில் பனியன் கம்பெனிச் செக்கிங் சூப்பர்வைசர் ஒருவனைக் கட்டிக்கொண்டு போனபிறகு, குழம்பைச் சூசையம்மாளே கொண்டுபோனாள். கொண்டுபோனவள், கரண்டு இல்லை, காற்று அதிகம் என்று ஏதாவது சொல்லி அங்கேயே படுத்துக்கொள்ள ஆரம்பித்தாள். இரண்டு பேரும் ஒரு ஃபேனுக்காகச் சண்டை போடுவது தெருவுக்கே கேட்கும். ஒருத்தி குரல்தான் கேட்கும்.

தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போகவேண்டும். தேவயானிக்குத் தாய் இல்லை. அண்ணன் வீடு இருக்கிறது. ஏழாம் மாசம் வளைகாப்பு முடிந்து, குச்சனூருக்குப் போகவேண்டியவள் வயிற்றைத் தள்ளிக்கொண்டு அனுமந்தன்பட்டியில் வந்து இறங்கினாள்.  சவரியம்மாள் கட்டிலில் கிடந்த சூசையம்மாளின் தலையணையை எடுத்துக் கீழே போட்டாள்.

ஆண்பிள்ளை பிறந்தது. ஆஸ்பத்திரியில் நர்ஸ் கொண்டுவந்து கொடுத்ததும், சவரியம்மாள் இரண்டு கையிலும் ஏந்தி, திராட்சைப் பெட்டி தூக்கிப் பழகின பழக்கத்தில் கொஞ்சம் மேலும் கீழும் அசைத்துப் பார்த்தாள்.

"மூணு கிலோ இருக்கான்," என்றாள்.

"சவரியம்மாளுக்குப் பேரன் பொறந்திருக்கான்னு தெருவெல்லாம் பேச்சு," என்றாள் சூசையம்மாள், கீழே போட்ட தலையணையை இன்னும் மறக்காமல். "யாரு பிள்ளைக்கு யாரு பேரனோ. வேதத்துலயும் ரூத்து பெத்த பிள்ளைய நகோமி பிள்ளைன்னுதான் ஊரு சொல்லுச்சு, அது வேற விசயம்."

ஐந்தாம் மாசம் முத்துராஜா காரோடு வந்தான். பையும் தொட்டிலும் சட்டி முட்டியும் ஏற்றியாயிற்று. தேவயானி பிள்ளையோடு வாசலில் நின்றுகொண்டு ஏறாமல் இருந்தாள். டிரைவர் ஹாரன் அடித்தான். எதிர்வீட்டு ஜன்னல் இரண்டும் திறந்தே இருந்தன.

சவரியம்மாள் வாசலுக்கு வந்தாள். பிள்ளையின் நெற்றியில் கட்டைவிரலால் சிலுவை போட்டாள். தேவயானி ஏற்கெனவே இட்டிருந்த திருநீற்றின் மேலேயே போட்டாள். அது கலைந்தது, கலைந்ததை மறுபடியும் விரலால் சேர்த்துவிட்டாள்.

"போயிட்டு வா," என்றாள்.

'வா'வைக் கொஞ்சம் சத்தமாகவே சொன்னாள் என்று ஜன்னலில் நின்றவர்கள் சொல்கிறார்கள். அழுதாளா என்றால், இல்லை. கார் திரும்பியதும் உள்ளே போய்த் தண்ணீர்த் தொட்டியைத் தேய்த்துக் கழுவினாள்.